ஆடிக்கு முந்தி வாங்கிய விமானம்

அந்த விமானம் என்னைவிட ஒன்பது வயது மூத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு செய்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். உடல் இரும்புக் குழாய், இறக்கை மரம், எல்லாவற்றுக்கும் மேலே துணி. ரேடியோ கிடையாது. ஸ்டார்ட்டரும் கிடையாது. முன்னால் ஒருவர் நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட்டால்தான் இயந்திரம் உயிர் பெறும். இத்தனை இல்லாமைகளும் சேர்ந்துதான் அதன் விலையை ஒரு பழைய காரின் விலைக்கு இறக்கி வைத்திருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறையில், நோயாளிகளின் இதயத்துடிப்பைக் காட்டும் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. பத்து வருடம் ஜன்னல் இல்லாத அறையில் இருந்தவனுக்கு ஆகாயத்தில் ஆசை வராவிட்டால்தான் அதிசயம். இதை நான் யாருக்கும் விளக்கப் போகவில்லை. பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் மரக்கறிக் கடை வைத்திருந்த அண்ணை ஒருவர் மட்டும் விடாமல் கேட்டார்.

"வீடு வாங்கினாய், சரி. கடை ஒண்டு வாங்கலாம். உந்தப் பிளேனை வாங்கி என்ன செய்யப்போறாய்? வெண்டிக்காய் ஏத்தலாமோ?"

"ஏத்தலாம் அண்ணை. ஆனா உங்களை ஏத்த ஏலாது, பாரம் கூடிப்போகும்" என்றேன். அவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

கிளப்பில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டினால் ஆனை விலை குதிரை விலை. புதிதாக லைசென்ஸ் எடுத்த எல்லோருக்கும் வரும் நோய் எனக்கும் வந்தது. விமானப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களை வாசிக்கும் நோய். அங்கேதான் இதைக் கண்டேன். எசெக்ஸில், ஒரு பண்ணையின் புல்தரை ஓரத்துக் கொட்டகையில் நின்றது. உடைமைக்காரர் வயதான ஆங்கிலேயர். இதயம் பலவீனம் என்று டொக்டர் அவரைத் தரையில் இறக்கிவிட்டார். வாரத்துக்கு ஒரு தடவை போய்த் தூசு தட்டிவிட்டு வருவாராம்.

நேர்மையான மனிதர். முதல் நாளே சொன்னார், அவசரப்படாதே, இந்தப் பழைய மர இறக்கைகளை வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, ஒரு பரிசோதகரைக் கூட்டி வந்து துணியைக் கொஞ்சம் திறந்து பார்த்துவிட்டு வாங்கு என்று. நானும் ஒரு பரிசோதகரைத் தேடிப் பிடித்தேன். அவர் சொன்ன நாள் இரண்டு கிழமை தள்ளி வந்தது.

அங்கேதான் சிக்கல். நான்கு நாளில் ஆடி பிறக்க இருந்தது.

எனக்கு நாள், நேரம், சகுனம் எதிலும் நம்பிக்கை இல்லை. பூனை குறுக்கே போனால் பூனைக்கும் ஏதோ அலுவல் என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் ஆடி மாதத்தில் ஒரு பெரிய பொருளை வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஆடியில் யாராவது வாகனம் வாங்குவார்களா? ஆவணிவரை பொறுத்திருக்கலாம். அதற்குள் வேறு யாராவது கொண்டுபோய்விட்டால்? ஆடியில் வாங்கக் கூடாது என்று தெரியாதவர்கள்தானே அந்த நாட்டில் நிறையப் பேர்.

ஆனி கடைசி நாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்துப் போய், முழுப் பணத்தையும் கிழவரின் கையில் கொடுத்தேன். பரிசோதகர் பார்க்க முதலே ஏன் என்று அவர் திகைத்துப்போய்க் கேட்டார். அடுத்த மாதம் வாங்குவது எனக்கு நல்லதல்ல என்றேன். ஏதாவது வரிப் பிரச்சினையா என்று கேட்டார். ஆமாம், வரிதான் என்றேன். அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இனி வீட்டுக் கதைக்கு வரவேண்டும்.

என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அப்போது ஒன்றரை வருடம். நான் எழுபதுகளின் கடைசியில் படிக்க வந்தவன். ஒரு குண்டுச் சத்தமும் கேட்காத தமிழன். எண்பத்து மூன்று கலவரத்தைக்கூட டிவியில் பார்த்தேன். அவள் எல்லாவற்றுக்கும் கீழே நின்றவள். வேகமாகப் பாய்ந்து குண்டு போடுவதற்குப் பொம்பர் என்று பெயர், பழைய வண்டிபோல மெல்ல அரைத்துக்கொண்டு வந்து மேலிருந்து உருட்டிவிடுவதற்குச் சகடை என்று பெயர் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் ஒரே ஒரு நாள்தான் சொன்னாள். அவளுடைய அக்கா, மழை வரும்போல இருக்கிறது என்று கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்க முற்றத்துக்குப் போனவர். சகடைச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் பங்கர் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். அக்கா கடைசிச் சேலையையும் எடுத்துவிட்டு வருகிறேன் என்று நின்றாராம்.

அக்காவின் செத்த வீட்டுக்கு வந்த சனம் எல்லாம் ஒன்றையே சொல்லியிருக்கிறது. மேலே இருக்கிறவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாதாம், எறும்புபோலத்தானாம், அவன் கண்மண் தெரியாமல் போட்டுவிட்டுப் போகிறானாம். அவளுடைய அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். மின்னல் விழுந்ததுபோல என்று சொல்லிச் சொல்லியே எழுந்து நடமாடத் தொடங்கினார். என் மனைவியும் அப்படித்தான். யாரும் பார்த்துச் செய்யாத சாவு என்றால், அதை எப்படியோ விழுங்கிக்கொள்ள முடிகிறது.

எங்கள் வீடு பிளேஸ்டோவில். அதன் மேலால், பழைய துறைமுகப் பக்கம் திறந்திருந்த சின்ன விமான நிலையத்துக்கு விசிறி வைத்த விமானங்கள் தாழப் போகும். வீட்டை வாங்கும்போது எனக்கு அது காதில் விழவே இல்லை. அவளுக்கு விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டால், அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குள் போய்விடுவாள். தூசு உறிஞ்சும் ஹூவரும் அரிசிமூட்டையும் இருக்கும் இடம். சத்தம் போனதும் வெளியே வந்து, ஒன்றும் நடக்காததுபோல மறுபடியும் வெங்காயம் வெட்டுவாள். நானும் ஒன்றும் பார்க்காததுபோல இருப்பேன். நான் பறக்கப் பழகியது அவளுக்குத் தெரியும். "வீட்டுக்குள்ள மட்டும் அந்தக் கதை வேண்டாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அந்த ஒப்பந்தத்தை நான் மீறவில்லை.

விமானம் வாங்கியதை மறைக்க முடியாது. அன்று மாலையே சமையலறையில் நின்று சொன்னேன். அவள் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"ஆடி பிறக்க முந்தியோ, பிறகோ?"

"முந்தி. இண்டைக்குத்தான் ஆனி கடைசி."

"அப்ப சரி." அடுப்பைக் குறைத்துவிட்டு, "ஆனா அதை என்ர கண்ணில காட்டாதேங்கோ" என்றாள்.

அது நியாயமான வேண்டுகோள். விமானத்தை யார் வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்துப் பரிசோதகர் வந்தார். இறக்கையின் துணியில் உள்ளங்கை அளவு வெட்டித் திறந்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒரு சின்னக் கத்தியால் மரத்தைத் தொட்டார். கத்தி உள்ளே போனது. அப்பத்துக்குள் போவதுபோலப் போனது. இடது இறக்கையில் எங்கோ தண்ணீர் தங்கி, பசை விட்டு, மரம் உக்கியிருந்தது. வாங்க முதல் என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். வரிப் பிரச்சினை என்று அவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்தை முடித்துவிட்டுச் சாதகம் பார்க்கப் போனவனின் முகத்தோடு நின்றேன். கிழவர் வெட்கப்பட்டுப் பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், ஆனால் அவர்மேல் எப்படிக் கோபிப்பது? பாருங்கள் என்று சொன்னவரே அவர்தான். வேண்டாம் என்றேன். என்மேல்தான் கோபம் வந்தது. நம்பாத பஞ்சாங்கத்துக்குப் பயந்த மடையன் என்று காரில் வரும்போது என்னை நானே பேசிக்கொண்டு வந்தேன்.

பரிசோதகர் இன்னொன்றும் சொன்னார். துணியை முழுவதும் உரித்து, உக்கிய மரத்தை வெட்டி எடுத்துப் புது மரம் ஒட்ட வேண்டும். கவனமானவன் தானே செய்யலாம், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் வந்து பார்த்துக் கையெழுத்து வைப்பார். ஆனால் இந்தப் பசைக்கு ஈரமும் குளிரும் ஆகாது. பண்ணைக் கொட்டகையில் குளிர்காலத்தில் ஒட்டினால் ஒட்டாது. சூடாக்கிய, உலர்ந்த அறை வேண்டும்.

எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஓர் அறைதான் இருந்தது. வீட்டின் முன்னறையையும் பின்னறையையும் இடையில் சுவரில்லாமல் ஒன்றாக்கிய நீள அறை. என் மனைவியின் தையல் மெஷின் இருந்த அறை. ஒரு தொழிற்சாலைக்குப் பாவாடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் கேட்டேன்.

"முழுப் பிளேனுமோ?"

"இல்லை, ஒரு பக்கத்துச் செட்டை மட்டும். அதிலயும் துணி இராது. வெறும் மரம்."

"எஞ்சின்?"

"எஞ்சின் அங்கதான் நிக்கும்."

"சத்தம் போடாதெண்டால் கொண்டு வாங்கோ."

பார்க்கிங் அண்ணை தன் மரக்கறி வானைக் கொண்டுவந்தார். மேலே பழைய மெத்தை போட்டு, அதன்மேல் இறக்கையைக் கட்டி, எசெக்ஸிலிருந்து ஊர்ந்து வந்தோம். வாசல் வழியாக அது உள்ளே போகாது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. முன் ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி, அதன் வழியே உள்ளே தள்ளினோம். தெருவில் பாதிப் பேர் வெளியே வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலப் பெண்மணி அது என்ன என்று கேட்டதற்கு அண்ணை, நான் வாய் திறக்க முதலே, புதுக் கட்டில் என்று சொல்லிவிட்டார்.

மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பழந்துணியை உரித்த இறக்கை, மெல்லிய பலகைக் கீற்றுகளும் ஆணிகளுமாக, ஒரு பெரிய மீன்முள்ளைப்போலக் கிடந்தது. கிட்ட வந்தாள். ஒரு விரலால் ஒரு கீற்றைத் தட்டினாள்.

"இவ்வளவுதானோ?" என்றாள்.

"இவ்வளவுதான்."

"முருங்கைத் தடிமாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் ஒரு பக்கம் பாவாடை தைக்க, நான் மறுபக்கம் மரம் ஒட்டினேன். ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு மூட்டு. கவ்விகள் போதாமல் அவளுடைய உடுப்புக் கிளிப்புகளைக் கடன் வாங்கினேன். வீடெல்லாம் மரத்தூள். சோற்றிலும் ஒரு நாள் இருந்தது. அவள் கோப்பையை மாற்றித் தந்தாள்.

மரவேலை பங்குனியில் முடிந்தது. பரிசோதகர் வந்து தட்டிப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். அடுத்தது துணி. இந்தக் காலத்தில் பருத்தி இல்லை, ஒருவகைப் பொலியெஸ்டர். இறக்கையின்மேல் போர்த்தி ஓரங்களை ஒட்டிவிட்டு, இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கித் தேய்த்தால் அது சுருங்கி, மேளத்தோல்போல இறுகும். நான் தேய்க்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. பின்னால் வந்து நின்றாள்.

"போடுற சேட்டுக்கே மடிப்பெடுக்கத் தெரியாது, செட்டைக்குத் தேய்க்க வந்திட்டார். தாங்கோ இஞ்ச."

பறித்துக்கொண்டாள். நான் அந்தக் கணத்தில் மூச்சுக்கூட விடவில்லை, கலைந்துபோய்விடுமோ என்று பயம். இரண்டு பின்னேரத்தில் முழு இறக்கையையும் ஒரு சுருக்கமில்லாமல் தேய்த்து முடித்தாள். தட்டினால் டம்மென்று கேட்டது. அவளுக்கு முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் கண்டேன், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகுதான் தையல். துணி பறக்கும்போது பிய்ந்துபோகாமல் ஒவ்வொரு மரக்கீற்றோடும் சேர்த்து, மெழுகு நூலால் தைக்க வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு பக்கம் ஓர் ஆள், மறுபக்கம் ஓர் ஆள். முழ நீள ஊசி. இந்தப் பக்கத்து ஆள் குத்தி அனுப்பினால் அந்தப் பக்கத்து ஆள் இழுத்து, கீற்றைச் சுற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. தனி ஆளால் நடக்கிற காரியம் இல்லை. அண்ணையைக் கூப்பிடலாம் என்று நான் சொல்ல, "அவர் கத்தரிக்காய்க்குக் குத்துறமாதிரிக் குத்துவார்" என்று சொல்லி அவளே மறுபக்கம் போய் நின்றாள். பரிசோதகர் முடிச்சை இரண்டு தரம் போட்டுக் காட்டினார். அவள் ஒரு தரத்தில் பிடித்துக்கொண்டாள், நான் நாலு தரம் கேட்டேன்.

நாங்கள் கல்யாணம் கட்டி அவ்வளவு நேரம் ஒன்றாக நின்றது அதுதான் முதல் தடவை. நடுவில் இறக்கை இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊசி மட்டும் போய் வரும். முகம் தெரியாதபோது கதைப்பது சுலபம்போல. அவள் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், அக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாததைச் சொன்னாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ஊசி வரவில்லை. காத்திருந்தேன்.

"ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"மேலயிருந்து பாத்தா, கீழ நிக்கிற ஆக்களைத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். ஆயிரம் அடியில் நாயைத் தெரியும். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். கொடியில் காய்கிற உடுப்புகளை எண்ணலாம். ஒரு பிள்ளை கையைக் காட்டினால் திருப்பிக் காட்டலாம், நான் காட்டியிருக்கிறேன். இதை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொல்ல வாயெடுத்து, ஒப்பந்தம் ஞாபகம் வந்து விழுங்கியவன் நான்.

"தெரியாது" என்றேன். "எறும்புமாதிரித்தான்."

ஊசி வந்தது. இழுத்துக்கொண்டேன். அவளைத் தாங்கி வைத்திருந்த ஒரு வார்த்தையை நான் ஏன் பறிக்க வேண்டும்? பொய் சொன்னதற்கு அன்று நான் வருத்தப்படவில்லை. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்துக்கொண்டேன்.

சித்திரையில் இறக்கை, வந்த ஜன்னல் வழியே, அதே வானில், அதே மெத்தையில் திரும்பிப் போனது. கொட்டகையில் வைத்துப் பூச்சுப் பூசி, உடலில் பூட்டினோம். பரிசோதகர் தையல் வரிசையில் விரலை ஓட்டிவிட்டு, இதை யார் தைத்தது என்று கேட்டார். என் மனைவி என்றேன். நான் தைத்த பக்கத்தையும் பார்த்தார், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்.

"நான் ஒருக்கா ஏறிப்பாக்கிறன்."

"உமக்கு ஏலுமோ?"

"ஏலுமோ எண்டு தெரியாது. நான் தைச்ச துணி பறக்குதோ எண்டு பாக்கவேணும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சொன்ன பொய் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை என்பதுதான் உண்மை. அவள் ஏறுவாள், பயம் போய்விடும், அலுமாரிக்குள் ஓடுவது நிற்கும், இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைப் பக்கம் பறந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம் என்று கணக்குப் போட்டேன். நான் தனியே பல தடவை ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று கண்ட பிறகு, வைகாசியில் ஒரு நாள் கூட்டிப்போனேன். லூயிஷாம் கோயிலில் அர்ச்சனை செய்த திருநீறும், எலுமிச்சை என்கிற தேசிக்காய் மூன்றும் அவளுடைய கைப்பைக்குள் வந்தன. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் கீழே ஒவ்வொன்று வைத்தாள். வாலில் இருந்த சின்னச் சக்கரத்துக்கும் ஒன்று. பழைய உடைமைக்காரரும் பார்க்க வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அதுவும் வரிக்காகவா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். பொல்லாத கிழவர். அவருக்கு முதலே விளங்கியிருக்கிறது.

விசிறியைச் சுழற்றியவரும் அவர்தான். இயந்திரம் பிடித்ததும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்தாள். நான் நிறுத்தப் போனேன். தலையை நிமிர்த்தாமலே வேண்டாம் என்று ஆட்டினாள். சக்கரங்கள் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு உருண்டன. புல்தரை முடிய முதல் நாங்கள் எழும்பிவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் கைகளை எடுத்தாள். முதலில் பார்த்தது இறக்கையை. தன் தையல் வரிசையைப் பார்த்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கண்ணால் போய் வந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தச் சத்தத்தில் பேச முடியாது. நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். அதன் பிறகு அவள் ஜன்னலால் கீழே பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு சின்ன ஊரின் விளிம்பு. வரிசையாகப் பின்வளவுகள். வெயில் நாள், எல்லா வளவிலும் உடுப்புக் காய்ந்தது. ஒரு வளவில் ஒரு பெண் கொடியடியில் நின்றாள். வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் சிவப்பாக ஏதோ ஒன்று. அந்தப் பெண் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தூக்கி எங்களுக்குக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கும்வரை அவள் ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. தரையில் ஓடி நின்று, இயந்திரத்தை நிறுத்தினேன். காதுக்குள் இரைச்சல் ஓய்வதற்கே கொஞ்ச நேரம் எடுத்தது.

"எறும்புமாதிரி எண்டனீங்கள்."

நான் நிறுத்திய சுவிட்சையே மறுபடியும் தொட்டுப் பார்த்தேன்.

"அவ கையைக் காட்டினவ."

"ஓம்."

"அக்காவும் நிமிர்ந்து பாத்திருப்பா. சத்தம் கேட்டா ஆரும் பாப்பினம்தானே." பெல்ட்டைக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. நான் கழற்றிவிட்டேன். "அப்ப, கண்டுதான் போட்டிருக்கிறான்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன் என்றேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது. ஊர்ச்சனம் தெரியாமல் சொன்னதை நான் தெரிந்துகொண்டு சொன்னேன். அவள் அழவில்லை. கிழவர் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியை வாங்கி, அவருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, முழுவதும் குடித்தாள்.

ஒரு கிழமை அவள் என்னோடு தேவைக்குமேல் பேசவில்லை. அந்தக் கிழமை முடிவில், விமானத்தை விற்றுவிடுகிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. அவ்வளவு கோபத்தை நான் அவளிடம் முன்பு கண்டதில்லை.

"அது மரமும் துணியும். அது என்ன செய்தது? விக்கிறதெண்டா நான் தைச்சதைப் பிரிச்சுத் தந்திட்டு வில்லுங்கோ. பொய்யை மட்டும் இனி வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ."

விற்கவில்லை. அந்த விமானம் இன்னும் எட்டு வருடம் என்னிடம் இருந்தது. அவள் பிறகு ஏறவே இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் தையலைப் பார்ப்பதற்கு மட்டும் வருவாள், வரிசை வரிசையாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, காரில் போய் இருப்பாள்.

அவள் ஏறிய வருடத்துக் கோடையில் ஒரு சனிக்கிழமை, நான் சமையலறையில் நின்றேன். அவள் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துறைமுகப் பக்கத்து விமானம் ஒன்று தாழ வந்தது. நான் பழக்கத்தில் மாடிப்படி அலுமாரிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. வெளியே எட்டிப் பார்த்தேன். ஈரச் சேலை ஒன்றைக் கையில் பிடித்தபடி, வளவின் நடுவில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாருமன்" என்று கூப்பிட்டேன்.

"இல்லை" என்றாள். "நான் நிக்கிறதை அவன் பாக்கட்டும்."